ரெஜினா எழுதிய முதல் வரி

ரெஜினா இறந்த செய்தி, அவருக்குக் கொஞ்சமும் பிடிக்காத ஒரு முதல் வரியோடுதான் என் மேசைக்கு வந்தது. “எங்களை மீளாத் துயரில் ஆழ்த்திவிட்டு” என்று அலுவலகத்தில் யாரோ அன்போடு எழுதியிருந்தார்கள். அதை அழித்துவிட்டு, “நம் ரெஜினா இன்று காலை ஜீவனஹள்ளியில் தம் வீட்டில் காலமானார்” என்று எழுதினேன். புற்றுநோய் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். இவ்வளவு சீக்கிரம் என்பதுதான் தெரியாது.

எலெக்ட்ரானிக் சிட்டியில், ஒரு செய்திச் செயலியின் தமிழ்ப் பிரிவில் நாங்கள் இருவரும் ஒன்றாகச் சேர்ந்தோம். தங்கம் விலை, மழை, விபத்து எதுவானாலும் எங்கள் செய்திகள் ‘அதிர்ச்சி!’ என்றுதான் தொடங்கும். ரெஜினா மட்டும் அந்தச் சொல்லைத் தொடவே மாட்டார். “படிக்கிறவங்க பஸ்ஸுல ஒரு கையால கம்பியப் பிடிச்சிட்டு நிக்கிறாங்க சேகர். அவங்க விரல நிறுத்தத்தான் வேணும். ஆனா பொய் சொல்லி நிறுத்தினா, நாளைக்கு நிக்க மாட்டாங்க” என்பார். ஒருமுறை என் கட்டுரையைப் படித்துவிட்டு, “நீ மூணாவது வரியிலதான் ஆரம்பிச்சிருக்கே. முதல் ரெண்டு வரியும் வாசல்ல நின்னு செருப்பு கழட்டிட்டிருக்கே” என்று சிரித்தார். வெட்டிப் பார்த்தேன். ஒன்றும் குறையவில்லை.

ஆடுகோடியில் பாதாளச் சாக்கடைக்குள் இறங்கிய முருகேசன் என்ற தொழிலாளி மூச்சுத் திணறி இறந்த அன்று, எங்கள் மேலாளர் அவசரப்பட்டார். “‘நெஞ்சை உலுக்கும் சோகம்’னு ஆரம்பிங்க ரெஜினா. மத்தவங்க போடறதுக்குள்ள போட்டுடலாம்.”

“அந்த வரிய எந்தச் சாவுக்கும் வைக்கலாம் சார். இவர் யாருன்னே நமக்குத் தெரியாதே. வீட்டுல பேசிட்டு எழுதறேன்.”

“அதுக்குள்ள லேட் ஆயிடும்.”

“ஆகட்டும் சார்” என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நானும் கூடப் போனேன்.

முருகேசனை யாரும் அனுப்பவில்லை, அவராகவேதான் இறங்கினார் என்று ஒப்பந்ததாரர் அதற்குள் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். முருகேசனின் மனைவி செல்வியைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ரெஜினா பையிலிருந்து நோட்டை எடுக்கவில்லை. தரையில் அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பிறகு செல்வியே பேசினார். “இன்னிக்கு அவருக்கு லீவும்மா. மேஸ்திரி போன் மேல போன் போட்டான். பேகா வா, சீக்கிரம் வான்னு ஒரே தொந்தரவு. சாப்பிட்டுட்டுப் போன்னேன், கேக்கல.”

ரெஜினா அதோடு விடவில்லை. உடன் வேலை செய்த இருவரைத் தேடிப் பிடித்து விசாரித்தார். மேஸ்திரி கூப்பிட்டதை இருவரும் உறுதி செய்தார்கள். ஒப்பந்ததாரரிடமும் பேசி அவர் மறுப்பையும் வாங்கிக்கொண்டார். அலுவலகம் திரும்பும்போது மற்ற தளங்களிலெல்லாம் நெஞ்சை உலுக்கும் சோகம் ஓடிக்கொண்டிருந்தது.

ரெஜினா எழுதிய முதல் வரி இது: “முருகேசனுக்கு அன்று விடுப்பு.”

மேலாளர் முகத்தைச் சுளித்தார். “சப்புன்னு இருக்கே?”

“அடுத்த வரியப் படிக்காம இருக்க முடியுதா சார்?”

அவர் கடைசிவரை படித்தார். பிறகு தாழ்ந்த குரலில், “போடுங்க” என்றார்.

மறுநாள் கன்னட நிருபர்கள் ஒப்பந்ததாரரிடம் கேட்ட முதல் கேள்வி, லீவில் இருந்தவரை யார் கூப்பிட்டது என்பதுதான். தொழிலாளர் கூட்டமொன்றில் ஒருவர் அந்தச் செய்தியைக் கன்னடத்தில் சொல்லிக்காட்டினார்; முதல் வரியிலேயே கூட்டம் அமைதியானது. அவராகவே இறங்கினார் என்ற பேச்சு அதன்பின் எடுபடவில்லை. ஒப்பந்ததாரர் மீதும் மேஸ்திரி மீதும் வழக்குப் பதிவானது. அது இன்னும் நடக்கிறது. நாங்கள் பாராட்டியபோது ரெஜினா, “வரி என்னோடது இல்லப்பா, செல்வி சொன்னது. நான் அத முதல்ல வச்சேன், அவ்வளவுதான்” என்றார். எதை முதலில் வைப்பது என்பதுதானே எங்கள் தொழில்! அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றும் தலை நிமிர்கிறது.

ரெஜினா பாணியில் எழுத எனக்கு வராது, முயன்று பார்த்துவிட்டேன். நான் வைத்துக்கொண்டிருப்பது அவருடைய நிதானத்தை மட்டும்தான். போன வாரம் ஒரு கட்டட விபத்துச் செய்தி வந்தது. புதிதாகச் சேர்ந்த பெண் வேகமாகத் தட்டச்சு செய்யத் தொடங்கினார். நான் வாய் திறப்பதற்குள், அதே மேலாளர் தம் அறையிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டார்: “வீட்டுல பேசினீங்களாம்மா?”