உச்சி வெயிலுக்கு மணி இரண்டு

ஜப்பான்காரன் மலாய் நாட்டைப் பிடித்து ஆண்ட காலத்தில் காஜா பேராங் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் உதவி ஆசிரியை. பத்தொன்பது வயது. மேல் வகுப்புக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்க ஒரு பரீட்சை வைத்தார்கள். தேறினால் மதியம் ஒரு வேளை அரிசிச் சோறு. ஊரே மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டிருந்த நாட்களில் அது சின்ன விஷயமில்லை.

தாள் திருத்தும்போதுதான் கவனித்தேன். புக்கிட் ரம்பாய் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து நடந்து வருகிற பிள்ளைகள் அத்தனை பேரும் ஏழாவது கேள்வியில் விழுந்திருந்தார்கள். சந்தேகம் வந்தது. மற்றக் கேள்விகளில் சமமாக வாங்கிய டவுன் பிள்ளை ஒன்று, தோட்டத்துப் பிள்ளை ஒன்று என்று தாள்களை ஜோடி சேர்த்துப் பார்த்தேன். எந்த ஜோடியிலும் ஏழாவதில் தோட்டத்துப் பிள்ளைக்குத்தான் முட்டை. படிப்பில் குறையிருந்தால் எல்லாக் கேள்வியிலும் அல்லவா தெரியவேண்டும்?

கேள்வி இதுதான்: சூரியன் தலைக்கு நேர் மேலே வரும்போது மணி என்ன? திருத்துவதற்காக எங்களுக்குத் தந்த விடைக் குறிப்பில் பன்னிரண்டு என்று இருந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் இரண்டு என்று எழுதியிருந்தார்கள். ஒரு சிறுமியைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"மண்டைக்கு நேரா வெயில் வர்றப்பதான் டீச்சர் தோட்டத்துல ரெண்டு மணி அடிப்பாங்க. பார்த்ததைத்தானே எழுதினேன்?"

அவள் சொன்னது உண்மை. ஜப்பான்காரன் வந்ததுமே எங்கள் கடிகாரங்களையெல்லாம் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பிவைத்துவிட்டான். டவுன் பிள்ளைகளின் வீட்டில் பழைய புத்தகம் இருந்தது; பன்னிரண்டு என்று மனப்பாடம். புத்தகம் இல்லாதவர்கள் வானத்தைப் பார்த்து எழுதித் தோற்றார்கள்.

தலைமையாசிரியரிடம் சொன்னேன். பயந்துவிட்டார். "வேணாம் டீச்சர். அவங்க நேரத்தையே குறை சொல்றோம்னு நினைப்பாங்க. தலை போயிடும்."

ஜப்பான்காரப் பரீட்சை அதிகாரி ஒரு மத்தியானம் வந்தார். தாள்களை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் போய்க் குனிந்து வணங்கினேன். துவான் என்று மரியாதையாக அழைத்து, வாசலுக்கு வரும்படி மலாயில் கேட்டுக்கொண்டேன். எங்கள் நிழல் காலடியிலேயே சுருண்டு கிடந்தது.

"துவான், உங்க கடிகாரத்தில் மணி என்ன?"

பார்த்தார். இரண்டைத் தாண்டியிருந்தது.

"இந்தப் பிள்ளைகளும் அதைத்தான் எழுதினாங்க."

கன்னத்தில் அறை விழுந்தது. காது அடைத்துக்கொண்டது. கீழே சிதறிய தாள்களைப் பொறுக்கி, ஏழாவது கேள்வி மேலே தெரியும்படி மடித்து, மறுபடி அவரிடமே நீட்டினேன். வாங்கிக்கொண்டு போனார்.

இரண்டு நாளில் உத்தரவு வந்தது. ஏழாவது கேள்வியை எல்லோருக்கும் நீக்கிவிட்டார்கள். காரணம் எதுவும் சொல்லவில்லை. தோட்டத்துப் பிள்ளைகள் மூன்று பேர் தேறினார்கள். அதே உத்தரவில் என் வேலையும் போயிருந்தது.

தலைமையாசிரியர் வீட்டுக்கே வந்தார். "ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுங்க டீச்சர். திரும்பச் சேர்த்துக்குவாங்க."

"தப்பு இருந்தது கேள்வியில, சார். நான் எதுக்கு எழுதணும்?"

அவர் எழுந்து போய்விட்டார். ஜப்பான்காரன் போகும்வரை எனக்கு வேறு வேலை கிடைக்கவில்லை. அந்தக் கடிதத்தை நான் எழுதவுமில்லை.