பூஜையன்று ஓடிய மெஷின்

எங்கள் இங்கிலீஷ் மிஸ் ஆயுத பூஜை லீவுக்கு ஒரு வேலை கொடுத்து அனுப்பினார். 'ரன்' என்றால் ஓடு என்று எல்லாருக்கும் தெரியும். காலே இல்லாமல் எவையெல்லாம் 'ரன்' ஆகும் என்று விசாரித்து எழுதி வர வேண்டும். பஸ் என்று எழுதினேன். ரயில் என்று எழுதினேன். அதோடு என் இங்கிலீஷ் தீர்ந்துபோனது.

லீவு விட்டால் நான் அனுப்பர்பாளையத்தில் அம்மாவின் தம்பி வீட்டில்தான் இருப்பேன். மாமா வீட்டை ஒட்டிய ஷெட்டில் பனியன் துணி பின்னும் மெஷின் ஒன்றைப் போட்டிருந்தார். அந்த வருஷம் ஆர்டர் எதுவும் வராமல் பல வாரமாக அது நின்றே கிடந்தது. ஆனாலும் மாமா தினமும் குளித்துச் சட்டை மாற்றி, ஷெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். யாராவது கேட்டால், “சர்வீஸ் நடக்குதுங்க” என்பார். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. கண்ணாமூச்சி விளையாட அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

பூஜையன்று மெஷினைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, நடுவில் நிமிர்ந்து நின்று சுற்றும் உருளைக்கு மாலை போட்டிருந்தார்கள். பொரித் தட்டும் அதன் மேலேயே இருந்தது. பூஜை போட்டுவிட்டால் மறுநாள் காலைவரை எந்த மெஷினையும் ஓட்டக் கூடாது. எங்கள் பக்கத்தில் இதை மீறுகிறவர்கள் கிடையாது. தெருவே சத்தமில்லாமல் இருந்தது.

நான் நோட்டை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போய்க் கேட்டதும் மாமாவுக்குக் குஷி வந்துவிட்டது.

“கம்பெனி ரன் ஆகும் கண்ணு. சாயம் சரியில்லீன்னா தொவைக்கறப்ப கலர் ரன் ஆகும். இந்த ஊட்டை ரன் பண்றது உங்கத்தை.”

அத்தை முறைத்தார்.

“அப்புறம் மெஷின் ரன் ஆகும். அது எப்படீன்னா...” என்றவர், வாயால் சொன்னால் போதாது என்று நினைத்தாரோ என்னவோ, எழுந்து போய் சுவிட்சைப் போட்டுவிட்டார்.

மெஷின் சுற்றியது. மாலை சுற்றியது. பொரித் தட்டும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பறந்தது. ஷெட் முழுக்கப் பொரி. ஒரு வாழைக்கன்று மெதுவாக அத்தையின் தோளில் வந்து சாய்ந்தது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

“ஏனுங்க, நிறுத்துங்க” என்றார் அத்தை.

மாமா நிறுத்தவில்லை. நூல்கூடக் கோக்காத அந்த வெறும் மெஷினின் சத்தத்தை, பசித்தவர் சாப்பிடுவதுபோல நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்த அத்தை, சுவிட்சுப் பக்கம் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

பக்கத்து ஷெட்காரர்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

“ஏனுங்க, பூசையன்னிக்கே ஓட்டறீங்க. அவ்வளவு அவசர ஆர்டருங்களா?”

அத்தை தலையிலிருந்த பொரியைத் தட்டிக்கொண்டே, “ஆமாங்க, ஓயாத வேலைங்க. நாளைக்கே குடுத்தாகோணும்ங்கறாங்க” என்றார்.

பக்கத்து ஷெட்காரருக்கு விஷயம் தெரியவில்லையே என்று எனக்குப் பரிதாபமாக இருந்தது. என் வீட்டுப்பாடத்துக்காகத்தான் மாமா ஓட்டிக் காட்டுகிறார் என்று விளக்கிச் சொல்ல வாயைத் திறந்தேன். அத்தை குனிந்து ஒரு பிடி பொரியை அதில் திணித்தார். பாசம் என்று நினைத்து மென்றுகொண்டிருந்தேன்.