கெரெங்கா மரத்தில் ஒரு காலை

போன ஞாயிற்றுக்கிழமை என் மருமகள் ஸ்ப்ரே டின்னும் கையுமாக மாமரத்தடியில் நின்றாள்.

“மாமா, இந்தக் கெரெங்கா பயங்கரமா கடிக்குது லா. அடிச்சிடவா?”

“தொடாதே!” என்று கத்திவிட்டேன். பாவம், பயந்துவிட்டாள். கெரெங்கா... அதுதான், இலைகளை ஒட்டிக் கூடு கட்டும் சிவப்பு எறும்பு. அதன்மேல் இவ்வளவு பாசமா என்கிறீர்களா? சொல்கிறேன்.

ஜப்பான்காரன் காலம். காஜா பெராங் என்ற ஊரில் நான் புது மாப்பிள்ளை. சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்க லாரி வந்துவிட்டது என்று என் மனைவி மீனாட்சி ஓடி வந்தாள். அதற்குமுன் போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. பின்பக்கத்து மாமரத்தில் ஏறிவிட்டேன். பதற்றத்தில் கெரெங்கா ஞாபகமே வரவில்லை!

ஒன்று கழுத்தில் கடித்தது. பட்டென்று நசுக்கினேன். அதுதான் தப்பு. காடி மாதிரி ஒரு புளித்த வாடை... அடுத்த நிமிடம் இருபது, முப்பது! அந்த வாடைதான் அழைப்பு என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். அன்று பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் இருந்தேன். மெல்ல அடங்கின.

உயிர் போகிற நேரத்திலும் வேடிக்கை பார்க்கிற புத்தி போகுமா? முகத்துக்கு நேரே ஒரு வண்டு. ஓர் எறும்பு அதன் காலைப் பிடித்தது. இன்னொன்று கூட்டுக்கு ஓடியது — வழியெல்லாம் பின்பக்கத்தைக் கிளையில் தொட்டுத் தொட்டு. அந்தத் தடத்தை மோந்துகொண்டே ஒரு படை வந்தது. ஆறு காலையும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துப் பிடித்தன. உத்தரவு போட்டது யார்? ஒருவரும் இல்லை!

அதற்குள் கீழே ஒரு ஜப்பான் சிப்பாயும், அவனுக்கு மொழிபெயர்க்கும் கிராணி என்கிற தமிழ்க் குமாஸ்தாவும் வந்துவிட்டார்கள்.

“உன் புருஷன் எங்கம்மா?” என்றார் கிராணி.

“பத்து பெரெண்டாமுக்கு மரவள்ளிக்கிழங்கு வாங்கப் போயிருக்காருங்க,” என்றாள் மீனாட்சி.

சிப்பாய் மரத்தில் கை வைத்து அண்ணாந்து பார்க்கப் போனான். கையில் ஒன்று கடித்தது. அவனும் நசுக்கினான். அப்புறம் கேட்க வேண்டுமா? சட்டையை உதறிக்கொண்டு ஓடினான், பின்னாலேயே கிராணியும்.

பிழைத்தேன். ஆனால் எறும்பிடம் எனக்குப் பிடித்ததும், இன்றுவரை என்னை உறுத்துவதும் ஒன்றுதான். நசுங்கிச் சாகிற எறும்புகூட ஆள் கூப்பிட்டுவிட்டுத்தான் சாகிறது. கூப்பிட்டால் மொத்தக் கூடும் வருகிறது.

அன்று எங்கள் தெருவில் மூன்று பேரை லாரியில் ஏற்றினார்கள். காப்பாற்றச் சொல்லி அக்கம்பக்கத்தாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஒரு கதவும் திறக்கவில்லை.

என் பெயரும் காதில் விழுந்தது... நான் மரத்தைவிட்டு இறங்கவில்லை.