புள்ளிக்கு ஒரு வால்

மரக்காணம் பஸ் நிறுத்தத்தில் இங்கிலீஷ் மனு டைப் அடித்துத் தரும் சகாதேவனுக்குப் புள்ளி, கமா விஷயத்தில் பெரிய கெடுபிடி. பக்கத்தில் பூ விற்கும் நான் ஐந்தாவதோடு நின்றவள். காது மட்டும் அவர் பக்கம் இருக்கும்.

எழுபத்து நாலில் ஒருநாள் உப்பளத்து அமராவதி வந்தாள். தூத்துக்குடிக்கு மாற்றிவிட்ட வாட்ச்மேன் புருஷனைத் திரும்ப இங்கேயே போடச் சொல்லி மனு.

"அவர் அங்கே இருக்கிறார்" என்பதை இங்கிலீஷில் அடித்துவிட்டு சகாதேவன் நிறுத்தினார்.

"அடுத்தது, 'நான் இங்கே இருக்கிறேன்'. நடுவுல புள்ளி வெச்சா ரெண்டு பேரும் தனித்தனி ஆயிடுவீங்க. ரெண்டும் முழு வாக்கியம், வெறும் கமா தாங்காது. மேல புள்ளி, கீழ கமா போடணும். தனியா நிக்கும், உறவும் விடாது."

"அதையே போடுங்க சார். வெறும் புள்ளி வெச்சுடாதீங்க."

உப்புக் காற்றில் துருப்பிடித்த டைப்ரைட்டரில் அந்தக் குறியின் எழுத்துக்கட்டை எழவில்லை. பேனாவை அவளிடமே நீட்டினார். கைநாட்டு வைத்தே பழகிய அமராவதி, நாக்கைக் கடித்துக்கொண்டு புள்ளி வைத்து வால் இழுத்தாள். அது அடுத்த வரிவரை போனது.

"ஏம்மா, இவ்ளோ நீளமா?"

"தூத்துக்குடி என்ன கிட்டவா இருக்குது?"

ஒரு கமா பிசகினாலும் தாளைக் கிழிக்கும் சகாதேவன், அந்த மனுவை அப்படியே மடித்து உறையில் போட்டார்.