சிவப்பு ரப்பரில் சந்தனப் பொட்டு

எங்கள் அமைச்சகத்தின் டேபிள் டென்னிஸ் அறையில் செல்வி அக்காவுக்குப் பெயர் 'தீவார்'. அதாவது இந்தியில் சுவர். எந்தப் பந்து வந்தாலும் திருப்பிப் போடுவார், அடிக்க மட்டும் மாட்டார். எதிராளி பொறுமை இழந்து தானாகத் தப்புச் செய்யும்வரை காத்திருப்பார். இந்த ஒரே வித்தையை வைத்துக்கொண்டு அமைச்சகங்களுக்கு இடையிலான போட்டியில் அரையிறுதி வரைக்கும் போவார். அங்கே யாராவது ஒரு பஞ்சாபிப் பெண் வந்து சுவரை இடித்துத் தள்ளிவிடுவாள். வருஷா வருஷம் இதே கதைதான்.

வரும் மார்ச்சில் அக்காவுக்கு ஓய்வு. இதுதான் கடைசிப் போட்டி. ஒரு மத்தியானம் டிஃபன் டப்பாவை மூடிக்கொண்டே, "சுபா, இந்தத் தடவை நான் அடிச்சு ஆடப்போறேன். ஒரு தடவையாவது ஃபைனல் ஆடிட்டுத்தான் போவேன்" என்றார். ஓய்வு பெறப் போகிற வயதில் யாராவது ஆட்டத்தையே மாற்றுவார்களா?

மாற்றினார். ரப்பர் வாங்க என்னையும் கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். பேட்டில் கட்டையைவிட அதன்மேல் ஒட்டும் ரப்பர்தான் எல்லாம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கடைக்காரர் மெல்லிய ஸ்பாஞ்ச் வைத்த ஒன்றைக் காட்டி, ஆண்ட்டிக்கு இதுதான் சரி, கண்ட்ரோல் நன்றாக இருக்கும் என்று இந்தியில் சொன்னார். ஆண்ட்டி அதைத் தொடக்கூட இல்லை. தடித்த ஸ்பாஞ்ச் வைத்தவற்றை மட்டும் வரிசையாக வாங்கி, பந்தின்மேல் அமுக்கித் தூக்கிப் பார்த்தார். ஒரு சிவப்பு ரப்பரில் பந்து ஒட்டிக்கொண்டு கூடவே எழுந்தது. அதையே எடுத்துக்கொண்டார். அந்தப் பிசுபிசுப்புதான் பந்தைப் பிடித்துச் சுழற்றி அனுப்புமாம். கைவிரல் எண்ணெய் பட்டால்கூடக் கெட்டுவிடும், எப்போதும் பிளாஸ்டிக் தாள் போட்டு மூடி வையுங்கள் என்றார் கடைக்காரர். பேட்டின் ஒரு பக்கம் அதை ஒட்டினார்கள். மறுபக்கம் பழைய கறுப்பு ரப்பரே இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை அலுவலகமே வாயைப் பிளந்து பார்த்தது. முதல் சுற்றுகளில் எதிரே நின்ற சின்னப் பெண்கள் பந்து எங்கே போனது என்று தேடினார்கள். தசராவுக்கு மறுநாள் அரையிறுதி.

ஆயுத பூஜை அன்று சாயங்காலம் அலுவலகம் முடிந்து, சுண்டல் சாப்பிட அக்காவோடு அவர் வீட்டுக்குப் போனேன். அக்காவின் கணவர் ஜோதிலிங்கம் அண்ணாச்சி கோவில்பட்டிக்காரர், ஓய்வு பெற்ற இன்ஜினியர். பூஜை வேலை முழுக்க அவருடையது. கத்திரிக்கோல், ஸ்க்ரூடிரைவர், ஸ்கூட்டர் சாவி, மிக்ஸி என்று எதையும் விடாமல் துடைத்துப் பொட்டு வைப்பார். அக்காவின் பேட்டை மட்டும் ஒரு வருஷமும் வைத்ததில்லை. மிக்ஸிக்கு இருக்கிற மரியாதை என் பேட்டுக்கு இல்லை என்று அக்கா என்னிடம் புலம்பியது உண்டு.

செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தேன். சாமி படத்துக்கு முன்னால், நட்ட நடுவில், அந்தப் பேட். பிளாஸ்டிக் தாளைக் காணோம். சிவப்பு ரப்பர் பளபளவென்று மின்னியது. நடுவில் பெரிய சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம்.

"ஒரே பிசுபிசுன்னு அழுக்கா இருந்துச்சு. தேங்கா எண்ணெ போட்டு நல்லாத் தேச்சிட்டேன்," என்றார் அண்ணாச்சி பெருமையாக. "இதுவும் உன் ஆயுதந்தான, செல்வி. இத்தன வருஷமாத் தோணாமப் போச்சு."

அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை. உடனே எடுத்துத் துடைக்கலாம் என்று நான் கையை நீட்டினேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். பூஜையில் வைத்ததை மறுநாள் பூஜை முடிந்துதான் எடுக்க வேண்டும். எண்ணெய் ஊற ஊற, ஆயுதம் அங்கேயே கிடந்தது. நானாக இருந்தால் வீட்டை இரண்டாக்கியிருப்பேன். அக்கா விழுந்து கும்பிட்டுவிட்டுச் சுண்டல் எடுத்துவரப் போனார்.

மறுநாள் சோப்பு போட்டுக் கழுவியும் பிசுபிசுப்பு திரும்பவில்லை. தசரா என்று கடைகள் மூடிக் கிடந்தன. இரவல் பேட்டில் ஆடுவது அடுத்தவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொள்வது மாதிரி என்று அக்கா மறுத்துவிட்டார்.

அரையிறுதிக்கு அண்ணாச்சியும் வந்திருந்தார், முதல் முறையாக. அக்கா முழு வீச்சில் அடித்தார். பந்து ரப்பரில் வழுக்கி வலையில் விழுந்தது. மறுபடியும் அடித்தார், மறுபடியும் வலை. கறுப்புப் பக்கத்தைத் திருப்பித் தடுத்து ஆடியிருக்கலாம். திருப்பவே இல்லை. என்ன ஆச்சு இவளுக்கு என்று அண்ணாச்சி என்னைக் கேட்டார். என்னால் பொறுக்க முடியவில்லை. எண்ணெய் போட்டால் அந்த ரப்பர் செத்துவிடும் என்று முகத்துக்கு நேராகச் சொன்னேன். அவர் கடைசிப் பந்து வரை அந்தச் சிவப்பு ரப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா தோற்று வெளியே வந்ததும் அண்ணாச்சி எழுந்து நின்றார்.

"என்னாலதான போச்சு, செல்வி?"

அதெல்லாம் இல்லை என்று அக்கா சமாதானம் சொல்வார் என்றுதான் நினைத்தேன்.

"ஆமா. உங்களாலதான்," என்றார். நான் அதிர்ந்து போனேன். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, பேட்டை அவர் பக்கம் நீட்டினார். "அடுத்த வருஷம் பொட்டக் கைப்பிடியில வைங்க."

"அதுக்குள்ள ரிட்டயர் ஆயிருவியே."

"ஆபீஸ்லதான ரிட்டயர் ஆகுறேன்."

அண்ணாச்சி பேட்டை வாங்கிக்கொண்டார், ரப்பரில் ஒரு விரல்கூடப் படாமல்.