பள்ளிப் பாயில் ராத்தா போட்ட கோடு

என் ராத்தாவின், என் அக்காவின், பாய் இழைக்கும் கையை நிறுத்தியவர் எங்கள் பெரிய மாமா. வயது நிறுத்தவில்லை, நோய் நிறுத்தவில்லை. உம்மாவின் கூடப் பிறந்தவரும் எங்கள் குடியின் தலைவரான மரைக்காருமான அவர் ஓர் அஸர், பின்னேரத் தொழுகைக்குப் பிறகு சொன்ன ஒரு சொல்தான் நிறுத்தியது.

ராத்தா மவுத்தாகி, கண் மூடி ஒரு வருடமாகிறது. கத்தம் ஓதிச் சோறு கொடுத்தால் போதும், நினைவு மலர் எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். பாண்டிருப்பில் இருக்கும் என் தமிழ் நண்பரின் தகப்பனாருக்கு அவர்கள் ஒரு புத்தகம் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் எனக்கு இந்த எண்ணம் வந்தது. அதில் எல்லாரையும் பற்றி நல்லதாகவே எழுதியிருந்தார்கள். எனக்கு அது வராது. நடந்ததை எழுதுகிறேன்.

ராத்தா கல்முனைக்குத் தெற்கே, கடலுக்கும் வயலுக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊரில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். வாப்பா கடல் தொழில் செய்தவர். அவர் மவுத்தானபோது நான் தவழ்ந்துகொண்டிருந்தேன். உம்மா பன் புல்லில் பாய் இழைத்து விற்று எங்களை வளர்த்தார். ராத்தா ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு உம்மாவுக்குப் பக்கத்தில் குந்தினார். பன்னை வெயிலில் போடுவது, கிழிப்பது, சாயத்தில் அவிப்பது எல்லாம் அவர் வேலை. சாயம் அவித்த கை பெருநாளன்றும் சிவப்பாகவே இருக்கும். என்னைப் படிக்க வைத்ததும் அந்தக் கைதான். நான் ஒழுங்காகப் படிக்கவில்லை, லொறி திருத்தப் போனேன். அது வேறு கதை.

பெண்ணுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையைக் கூட்டி வருவது எங்கள் வழக்கம். அப்படித்தான் மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்தார். சம்மாந்துறையில் பெரிய வயல்காரப் போடியார் ஒருவரின் உழவு மிசின் ஓட்டினார். அதிகம் கதைக்காத மனிதர். நல்லவர்.

ராத்தாவின் பாயைப் பற்றி வெளியூர் உறவினர்கள் சிலருக்குத் தெரியாது. உம்மா காலத்துப் பாய்களில் கரையும் நடுவில் ஒரு கட்டமும் இருக்கும். எல்லா வீட்டிலும் அதே கரை, அதே கட்டம். ராத்தா அதை ஒருநாளும் குறை சொன்னதில்லை. ஆனால் அவர் கண் வேறு இடங்களில் மேய்ந்தது. ஊரில் அப்போது புதுச் சாமான்கள் வந்து இறங்கிய காலம். சவூதிக்குப் போனவர்கள் காசு அனுப்பினார்கள், கல்வீடுகள் எழும்பின. இரும்புக் கேற்று, சுவரில் காற்றுக்கு விட்ட பூப்போட்ட கல், பிளாஸ்டிக் வயரில் பின்னின கூடை, தரையில் ஒட்டுகிற விரிப்பு. மற்றவர்கள் அவற்றை வாங்க ஆசைப்பட்டார்கள். ராத்தாவுக்கு வாங்கும் ஆசை இல்லை. பார்த்தால் போதும்.

ஒரு மாரிக் காலத்தில் மச்சான் மிசினை ஒழுங்கைக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். ராத்தா வெளியே வந்து சேற்றைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன புள்ள, சேத்துக்குள்ள என்னத்தத் தேடுறாய்?"

"காலை வச்சிராதீங்க. அப்படியே நில்லுங்க."

மச்சான் தூக்கிய காலோடு நின்றார். டயர் பதிந்த அடையாளத்தை ராத்தா பார்த்து முடிக்கும்வரை அந்த மனிதர் ஒற்றைக் காலில் நின்றதை நான் கண்ணால் கண்டேன். அந்த மாதம் இழைத்த பாயில் டயர் அச்சு பச்சையும் கறுப்புமாகச் சரிந்து சரிந்து ஓடியது. "மிசின் பாய்" என்று அதற்குப் பெயர் வந்தது. நற்பிட்டிமுனையிலிருந்தெல்லாம் வந்து கேட்டார்கள்.

இன்னொரு நாள் கல்முனைக் கடைத்தெருவுக்குச் சாயம் வாங்கப் போனோம். வழியில் ஒரு புது வீட்டின் கேற்றுக்கு முன்னால் ராத்தா குடையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அந்த வீட்டுப் பெண் வெளியே வந்தார்.

"ஆரப் புள்ள தேடுறீங்க?"

"ஆரையுமில்ல. உங்கட கேற்றத்தான் பாக்கன்."

"கேற்றையா? நாங்க அத விக்கிறல்லியே."

"விக்க வேணாம். கொஞ்சம் சாத்துங்க, முழுசாப் பாப்பம்."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டு சாத்தினார். பிறகு இருவரும் சிநேகிதமாகிவிட்டார்கள்.

இழைத்த பாகத்தின் மேல் குந்தியிருந்துதான் பாய் இழைப்பார்கள். அதனால் இழைக்கும்போது முழுக் கோலமும் தெரியாது. ராத்தா அடிக்கடி எழும்பி வாங்குப் பலகையில் ஏறி நின்று பார்ப்பார். ஒரு கோடு சரியில்லை என்றால் மூன்று நாள் வேலையையும் பிரிப்பார். உம்மா ஏசுவார். ராத்தா காதில் விழாத மாதிரி பிரித்துக்கொண்டிருப்பார்.

இனிப் பள்ளிப் பாய்க்கு வருகிறேன்.

சூறாவளியில் எங்கள் வட்டாரப் பள்ளிவாசலின் கூரை போனது. பழைய பாய்களெல்லாம் நனைந்து அழுகின. திருத்தி முடிக்கச் சில வருடம் எடுத்தது. முடிந்ததும் பாய் இழைத்துத் தரும்படி வட்டாரத்துப் பெண்களிடம் கேட்டார்கள். கூலி இல்லை, நன்மைக்கு. ராத்தா தலைமை தாங்கினார்.

மச்சான் பள்ளியிலிருந்து வந்து ஒரு குறை சொல்வார்: "ஸப்பு கோணலாப் போகுது. மோதினார் ஒவ்வொரு நாளும் ஏசுறார். பாய் ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்." தொழுகை வரிசை நேராக நிற்க வேண்டும், ஆளுக்கு ஆள் இடைவெளி சரியாக இருக்க வேண்டும். வெறும் பாயில் அது அமையவில்லை. ராத்தா இதை மனதில் போட்டுக்கொண்டார்.

அந்த நாட்களில் எங்கள் ஒழுங்கையில் முதல் டீவி பெரிய மாமா வீட்டுக்குத்தான் வந்தது. கூரைக்கு மேலே அன்டனா. மாலையில் பெண்கள் எல்லாரும் அங்கே படம் பார்க்கப் போவார்கள். ராத்தாவும் போவார், ஆனால் முற்றத்தில் நின்று மேலே பார்ப்பார். மாமி கேட்டார்:

"படம் உள்ள ஓடுது. நீ என்ன புள்ள ஆகாயத்தப் பாக்காய்?"

"உள்ள ஓடுறது போயிரும் மாமி. இது நிக்கும்."

அன்டனாவில் ஒரு நீளக் கம்பி, அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு சம இடைவெளியில் சின்னக் கம்பிகள். ராத்தாவுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. நீளக் கோட்டில் குதிகால் வைத்தால் வரிசை நேராக நிற்கும். இரண்டு சின்னக் கோட்டுக்கு நடுவில் ஓர் ஆள். அவ்வளவுதான். மாமாவிடம் கேட்காமல் அவர் தொடங்கவில்லை. துண்டுப் பாயில் மாதிரி இழைத்து, மாமி கையில் கொடுத்து, கதவுக்குப் பின்னால் நின்று விளக்கமும் சொன்னார். மாமா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆ, எங்கட அன்டனா. நல்லம், நல்லம். இழைங்க" என்றார். மாமியும் இருந்தார், நானும் இருந்தேன்.

மாதக் கணக்கில் பெண்கள் இழைத்தார்கள். பாய் விரித்த அன்று அஸர் தொழுகையில் வரிசை நூல் பிடித்த மாதிரி நின்றது. பாங்கு சொல்லும் மோதினாருக்கு ஏச ஒன்றும் கிடைக்கவில்லை.

தொழுது முடிந்து எல்லாரும் பாயைத் தடவிப் பார்த்துக்கொண்டு இருந்தோம். மீன் வியாபாரம் செய்யும் ஒருவர் இருந்தார், பகிடிக்காரர். அவர் சத்தமாகச் சொன்னார்:

"மரைக்கார், உங்கட வீட்டு அன்டனாவக் கழட்டி இஞ்ச விரிச்சிரிக்கீங்களே. இனி குனியிற ருக்கூவுல படம் தெரியுமோ?"

பள்ளி சிரித்தது. மோதினாரும் சிரித்தார். மரைக்கார் வீட்டில் டீவி என்று ஏற்கெனவே ஊரில் ஒரு முணுமுணுப்பு இருந்தது. மாமாவின் முகம் கறுத்துப் போனது. எழும்பினார்.

"அன்டனாவா? கண்ணத் துறந்து பாருங்க. சிலுவ இது. வரிசையாச் சிலுவ. சுருட்டுங்க."

சிரிப்பு நின்றது. ஒருவர் காலைத் தூக்கினார். பிறகு எல்லாரும் பாயை விட்டு விலகினார்கள்.

நான் சொன்னேன்: "மாமா, ராத்தா உங்களுக்குக் காட்டித்தானே இழைச்சா. நீங்கதானே நல்லம் எண்டீங்க."

"பள்ளிக்குள்ள சத்தம் போடாதடா. வெளியே போ."

இரண்டு பேர் என் கையைப் பிடித்து வெளியே விட்டார்கள். பாயைச் சுருட்டிச் மவுத்தானவர்களைத் தூக்கும் சந்தூக்கு வைக்கும் அறையில் போட்டார்கள். அன்று அந்தி மஃரிபை வெறும் சீமெந்தில் தொழுதார்கள். வரிசை கோணல்.

சிலுவையை மதிக்கிறவர்கள் கல்முனையில் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை. அது அவர்களுடைய இடத்தில் அவர்களுக்கு உரியது. ராத்தா இழைத்தது அது இல்லை. அதுதான் என் பேச்சு.

எங்கள் பக்கத்தில் குடி தாய்வழியில் வருகிறது. குடியில் ஒருவர் மேல் பழி வந்தால் முதலில் எழும்பிக் கதைக்க வேண்டியவர் மரைக்கார். ராத்தா மேல் பழி போட்டதே மரைக்கார் என்றால் அவருக்காக யார் கதைப்பது?

"சிலுவப் பாய்" என்ற பெயர் ஒழுங்கை ஒழுங்கையாகப் போனது. கூட இழைத்த பெண்கள், "நாங்க என்னத்தக் கண்டம், ராத்தா சொன்னா, இழைச்சம்" என்று கையைக் கழுவினார்கள். விடுமுறையில் போயிருந்த மௌலவி திரும்பி வந்து பாயை விரித்துப் பார்த்தார். "இதுல உருவமும் இல்ல, சிலுவையும் இல்ல. மரைக்கார், சனத்துக்கு முன்னால நீங்களே ஒரு வார்த்த சொல்லிருங்க" என்றார். மாமா "பாப்பம், பாப்பம்" என்றார். பிறகு அந்த மௌலவி வேறு ஊருக்குப் போய்விட்டார்.

ராத்தா என்னைத்தான் ஏசினார். "நீ என்னத்துக்குடா வாய் குடுத்தாய்? மாமாட முகம் என்னாகும்?" தன் முகம் என்னவாகும் என்று அவர் கேட்கவில்லை.

மச்சான் பாயை வீட்டுக்குக் கொண்டுவந்தார். ராத்தா அதை முற்றத்தில் விரித்து நெல் காயப் போட்டார். சாயம் வெளுத்துக் கோடு மறையும்வரை போட்டார்.

அதற்குப் பிறகும் பாய் இழைத்தார். கரையுமில்லை, கட்டமுமில்லை. வெறும் பன் நிறம். மகளின் கலியாணத்துக்கு மாப்பிள்ளை இருக்கப் புதுப் பாய் விரிக்க வேண்டும். தாய் தன் கையால் இழைத்தது வேண்டும். ஊரே பார்க்கும் பாய் அது. ராத்தா வெறும் பாயை விரித்தார். மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி, "சாயத்துக்குப் பஞ்சமோ?" என்று கேட்டாள். ராத்தா, "வெள்ளையும் வடிவுதானே மகள்" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனார்.

கல்முனைக்குப் போனால் புது வீடுகளைப் பார்க்காமல் இருக்கக் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தார். அதைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை. அவர் தலைக்குள் இன்னும் எத்தனை பாய்கள் இருந்தன என்று இப்போது யாரிடம் போய்க் கேட்பது? இழைக்காத பாயை மண்ணில் வைத்துவிட்டோம்.

அவர் மவுத்தான வருடம் பள்ளிக்கு வெளிநாட்டுக் கம்பளம் வந்தது. பெரிய மாமாதான் பெருமையோடு விரித்தார். நான் பார்த்தேன். நீளமாக ஒரு கோடு, குறுக்கே சம இடைவெளியில் சின்னக் கோடுகள், ஆளுக்கு ஓர் இடம். மாமா அந்தக் கோட்டில் குதிகாலை வைத்து நின்றார். யாரும் சுருட்டச் சொல்லவில்லை.

ராத்தா அப்போது படுக்கையில் இருந்தார். போய்ச் சொன்னேன்.

"கோடு நேரா இரிக்கா?"

"ஓம்."

"ஸப்பு நேரா நிக்குதா?"

"ஓம் ராத்தா."

"அப்ப நல்லம்" என்று மறுபக்கம் திரும்பிப் படுத்தார்.

நெஞ்சு நோ கூடியபோது கல்முனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சுபஹுத் தொழுகைக்கு முன், விடியுமுன் மவுத்தானார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அல்லாஹ் அவருடைய கப்றை விசாலமாக்குவானாக.

இரவென்றும் பாராமல் வேன் ஓட்டிய பக்கத்து வீட்டுத் தம்பிக்கும், ராத்தாவைக் குளிப்பாட்டிய பெண்களுக்கும், கப்று வெட்டியவர்களுக்கும், ஆலையடிவேம்பிலிருந்து வந்து வாசலில் நின்று அழுத மச்சானின் வயல் கூட்டாளிகளுக்கும், அழுத கண்ணோடு எல்லாருக்கும் வெறும் தேத்தண்ணீர் ஊற்றிய கேற்று வீட்டுச் சிநேகிதிக்கும் நன்றி. ராத்தாவைக் கடைசிவரை தூக்கி இருத்தி, தலைவாரி, சோறு ஊட்டிய மச்சானுக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பெரிய மாமா, இந்த மலர் உங்கள் கைக்கும் வரும். கத்தத்தில் முன்னுக்குத்தான் இருப்பீர்கள். என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் தோளில் கை போட வேண்டாம். மாமியை அனுப்பவும் வேண்டாம். பழியைப் பள்ளியில் வைத்துத்தான் சொன்னீர்கள். வருகிற வெள்ளி ஜும்ஆ முடிந்து, சனம் கலையுமுன், அதே பள்ளியில் எழும்பி நின்று பதில் சொல்லுங்கள். அது சிலுவை இல்லை என்று அன்றைக்கே உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?