பூட்டாத கார்

குருநகரில் ரேடியோ திருத்துகிற கனிசியஸ் பயந்த சுபாவக்காரர். காவலரணைக் கண்டால் சைக்கிளை விட்டிறங்கி, தாண்டும்வரை உருட்டிக்கொண்டுதான் போவார். அப்படிப்பட்டவருக்கு 1988இல் ஒரு நாள் இந்திய இராணுவ முகாமின் வயர்லஸை நிறுத்தச் சொல்லிக் கேட்க வேண்டி வந்தது.

சுன்னாகத்து வெங்காய வியாபாரி சோமசேகரத்துக்கு மருமகன் துபாயிலிருந்து ஒரு கார் அனுப்பியிருந்தார். தீப்பெட்டி அளவு ரிமோட்டை அமத்தினால் போதும், கதவுகள் தாமாகப் பூட்டும், திறக்கும்.

"தம்பி, வீட்டிலை நல்லாய் வேலை செய்யுது. சந்தையடியிலை எத்தினை தரம் அமத்தினாலும் அசையுதில்லை. பூட்டிப்போட்டன் எண்டு நினைச்சுப் போறன், வந்து பார்த்தால் நாலு கதவும் பூட்டாமல் கிடக்கு."

கனிசியஸ் ரிமோட்டைக் கழற்றிப் பார்த்தார். பற்றரி புதிது, உள்ளே ஒரு பழுதுமில்லை. குறை இடத்தில்தான் என்று பட்டது. மறுநாள் பத்து மணிக்குச் சுன்னாகம் போனார். சோமசேகரம் விடியவே கொண்டுவந்து விட்ட கார் சந்தையடியில் நின்றது, அவர் தன் கடை வாசலில் இருந்தார்.

சந்தைக்கு எதிரே முகாம். மணல்மூட்டைகளுக்குப் பின்னால், பனையைவிட உயரமாக ஒரு வயர்லஸ் கம்பம். பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது. முகாம் கதைக்கும்போது ரிமோட்டின் சின்னக் குரல் காருக்குக் கேட்காது. நிச்சயப்படுத்திக்கொள்ளக் காரை நோக்கிக் கையை நீட்டி ரிமோட்டை அமத்தினார். பிறகும் அமத்தினார்.

"டேய்! கையில என்ன?"

மணல்மூட்டைக்கு மேல் துப்பாக்கி தெரிந்தது. சந்தைச் சனம் கூடைகளைப் போட்டுவிட்டு ஓடியது. சோமசேகரம் இருந்த இடத்திலேயே முழந்தாளிட்டார். தமிழ் தெரிந்த ஒரு சிப்பாயும், தமிழ் தெரியாத ஓர் அதிகாரியும் வெளியே வந்தார்கள்.

"கார் பூட்டுறது, ஐயா. வேறை ஒண்டுமில்லை."

"அப்ப பூட்டிக் காட்டு."

அமத்தினார். கார் அசையாமல் நின்றது. அதிகாரி ஏதோ சொன்னார்.

"பொய் சொல்றியான்னு கேக்குறாரு."

"மாதாவாணைப் பொய்யில்லை. உங்கடை வயர்லஸ் கதைக்கேக்கை இது எடுபடாது. ஒரு நிமிசம் அதை நிப்பாட்டினால்..."

சிப்பாயின் முகம் மாறியது. குரலைத் தாழ்த்தினான். "இதை அவருகிட்ட நான் சொன்னா, நீ வீடு போய்ச் சேர மாட்ட."

 கனிசியஸ், "கிட்டப் போனால் வேலை செய்யும்" என்றார்.

"நீ மட்டும் போ."

கார் வெடித்துவிடுமோ என்று இராணுவத்தார் எல்லோரும் மூட்டைகளுக்குப் பின்னால் பதுங்கினார்கள். இருபது அடிதான் தூரம். பாதி வழியில்தான் அந்த நினைப்பு வந்தது. கார் விடிந்ததிலிருந்து பூட்டாமல் நிற்கிறது. இவ்வளவு நேரத்தில் யாரும் எதையும் உள்ளே வைத்திருக்கலாம். பூட்டு அசையும்போது வெடிக்கிற மாதிரி ஒன்றைப் பொருத்த அதிக நேரம் வேண்டாம் என்பது வயர்களோடு பிழைக்கிற அவருக்குத் தெரியும். கண்ணாடியூடே பார்த்தார். பின் இருக்கையில் ஒரு சாக்குப் பொதி.

"ஐயா, சாக்கு உங்கடையோ?"

  முழந்தாளிட்டபடியே சோமசேகரம் இல்லையென்று தலையை ஆட்டினார்.

"அமுக்குடா!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள்.

திரும்பினால் சுடுவார்கள். கனிசியஸ் கண்ணை மூடி, மனைவி மக்டலீனின் பெயரைச் சொல்லிக்கொண்டு, ரிமோட்டைக் கண்ணாடியோடு சேர்த்து அமத்தினார்.

கிளிக் என்றது. நாலு கதவும் பூட்டிக்கொண்டன. காரின் விளக்குகள் ஒருமுறை மின்னின. அவர் தெருவிலேயே குந்திவிட்டார்.

சாக்கை அவிழ்த்தபோது உள்ளே மூன்று பூசணிக்காய்கள் இருந்தன. கதவு பூட்டாமல் கிடந்ததால் சந்தையில் மரக்கறி விற்கிற இராசாத்தி, சோமசேகரம் வீட்டுக்கென்று வைத்துவிட்டுப் போயிருந்தாள். சிப்பாய் சிரித்தான். அதிகாரி சிரிக்கவில்லை. ரிமோட்டை வாங்கி வைத்துக்கொண்டு, மத்தியானம்தான் இருவரையும் விட்டார். அன்றே கனிசியஸ் அந்தப் பூட்டின் வயர்களை வெட்டிவிட்டார். சோமசேகரம் அதன்பிறகு திறப்பைக் கதவுத் துளையில் நுழைத்துத் திருப்பித்தான் பூட்டினார்.

கனிசியஸின் கைநடுக்கம் மட்டும் போகவில்லை. ஈயம் ஒட்டப் போனால் சூட்டுக்கோல் பக்கத்து வயரைச் சுட்டது. ஒரு கிழமை பார்த்துக்கொண்டிருந்த மக்டலீன் கோலை வாங்கிக்கொண்டாள்.

"இஞ்சாருங்கோ, எந்த இடம் எண்டு மட்டும் காட்டுங்கோ. நான் ஒட்டுறன்."

முதல் ரேடியோ பாழ். இரண்டாவது பாடியது. தொண்ணூறில் சண்டையால் கரண்ட் இல்லாமற் போய், சனம் சைக்கிள் டைனமோவில் ரேடியோவை ஓட்டிச் செய்தி கேட்கத் தொடங்கியபோது, குருநகரில் அதற்கு வயர் பூட்டிக் கொடுத்தது மக்டலீன்தான்.